சுத்துறது என் வேலை

எனக்குப் பிரிவு உபசாரக் கூட்டம் நடத்திய அன்று, மாலை போட்டுவிட்டுப் பேச வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "மல்லிகா அம்மா சுத்தாத இடம் இந்தக் கோட்டையில இல்ல" என்றார் ஒருவர். "செஞ்சியைத் தாண்டாமலே நம்ம எல்லாரையும் விட அதிகமா ஊர் சுத்தினவங்க இவங்கதான்" என்றார் அடுத்தவர். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நித்யா என்ற பெண், "இனிமேலாச்சும் நாலு ஊரைச் சுத்திப் பாருங்கம்மா" என்று சொல்லி என் கையில் ஒரு பயணப் பையைக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து மாலையை ஆணியில் மாட்டும்போதுதான், இதே வார்த்தைக்காக நான் அழுத நாட்கள் நினைவுக்கு வந்தன. எழுதும்போது சுற்றுவது என்கிறோம், வாயில் சுத்துறது என்று வருகிறது. சின்ன வார்த்தைதான். ஆனால் என் வேலைக்காலம் முழுவதும் அது ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு அர்த்தத்தில் என்னிடம் வந்துகொண்டே இருந்தது. கோட்டையின் பெயர் இப்போது உலகம் முழுக்கப் போய்விட்டது, கூட்டம் பெருகிவிட்டது. புதுப் பிள்ளைகள் "பழைய நாள்ல எப்படிம்மா வேலை பாத்தீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் நைனா கோட்டையில் கூலிக்குச் சுண்ணாம்பு அரைத்தவர். இடிந்த சுவரைப் பூசுகிற வேலை வரும்போதெல்லாம் அவரைக் கூப்பிடுவார்கள். எங்கள் காலனியில் பலரும் அப்படித்தான் கல்லும் மண்ணும் சுமக்கக் கோட்டைக்குள் போய் வந்தார்கள். சுற்றிப் பார்க்க யாரும் போனதில்லை. பள்ளியில் அழைத்துப் போன அன்று நானும் ராஜகிரியின் பாதி மலை வரை ஏறினேன். மேலே போக நேரமில்லை என்று வாத்தியார் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார். அவ்வளவுதான் நான் பார்த்திருந்த கோட்டை.

பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தபோது, கோட்டைக் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நைனாதான் சொன்னார். முதலில் தினக்கூலி, பிறகு நிரந்தரம். வேலை என்னவென்றால் காலையில் ஒரு தரம் கோட்டையைச் சுற்றி வர வேண்டும், பகலில் வருகிறவர்களைக் கவனிக்க வேண்டும், சாயந்திரம் இன்னொரு தரம் சுற்றி எல்லோரையும் கீழே இறக்க வேண்டும். அப்போது இந்த வேலையில் பெண்கள் யாரும் இல்லை. காக்கிச் சேலையும் விசிலுமாக நான் தெருவில் இறங்கி நடந்தால், குழாயடியில் பேச்சு நின்றுவிடும்.

"எங்கடி போறா இவ?"

"மலைய சுத்தப் போறா."

"தனியாவா?"

அதற்கப்புறம் வரும் சிரிப்புதான் எனக்குத் தாங்காது. ஆண்பிள்ளை சுத்தினால் வேலைவெட்டி இல்லாதவன் என்று அர்த்தம். பெண்பிள்ளை சுத்தினால் அதற்கு வேறு அர்த்தம். 'சுத்தறவ' என்றே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

அனந்தபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வந்த அம்மாள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "பொண்ணுக்கு இன்னா வேல?" என்று கேட்டார். எங்கள் அம்மா பெருமையாக, "கோட்டைல கவர்மெண்டு வேல. கஷ்டம் ஒண்ணும் இல்ல. காலைல ஒருதரம் சுத்தணும், சாயந்திரம் ஒருதரம் சுத்தணும், அவ்ளோதான்" என்றார். அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "நாளெல்லாம் சுத்தற பொண்ணு எங்க குடும்பத்துக்குச் சரிப்படாதும்மா." அன்று நான் அழுதேன்.

பின்னால் என்னைக் கட்டிக்கொண்ட ராஜேந்திரன் அதே அனந்தபுரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே மினி பஸ் ஓட்டியவர். பெண் பார்க்க வந்தபோது என் அம்மா உஷாராக வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவராகவே சொன்னார்: "கேள்விப்பட்டேன் அத்த. நான் கூடத்தான் நாள் பூரா ஒரே ரோட்டுல சுத்தறேன். என்ன யாராச்சும் கேட்டாங்களா?"

வேலையில் சேர்ந்த முதல் நாளுக்கு வருகிறேன். எங்கள் பொறுப்பாளர் ரஹ்மான் சார். செஞ்சிக்காரர்தான். அவர் குடும்பம் பல தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறது. ஒல்லியாக, உயரமாக இருப்பார். வெயிலோ மழையோ, கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். குழந்தையிடம் பேசினாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். ஏதாவது முக்கியமாகச் சொல்லப்போகிறார் என்றால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து முடிக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டும். கோட்டைக்குள் எந்தக் கல்லிலும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நான் நுழைவாயிலில் போய் நின்றதும் அவர் உள்ளே விடவில்லை. "முதல்ல வெளியில ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம் வாங்கம்மா" என்றார்.

நடந்தோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் ஒரே சுவர் இழுத்துக் கட்டியிருக்கிறது. ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அந்தச் சுவரை முழுதாக நான் அதுவரை பார்த்ததில்லை. பஸ்ஸில் போகும்போது ஒரு துண்டு தெரியும், வயலுக்குப் போகும்போது இன்னொரு துண்டு தெரியும். அன்றுதான் எல்லாத் துண்டும் ஒன்று என்று கண்டேன். அது அகழியின் ஓரமாக ஓடியது, முள்காட்டுக்குள் புகுந்தது, திடீரென்று திரும்பி செங்குத்தான மலையில் ஏறியது. வெறும் ஆள் ஏற முடியாத சரிவில் கல் மேல் கல்லாக ஏறி, ஒரு பெரும்பாறையில் போய் முட்டி, அந்தப் பாறையையே சுவராக்கிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கியது. எது மலை, எது மனிதர் கட்டியது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அண்ணாந்தபடியே நின்றுவிட்டேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ராஜாக்கள் பேரு எல்லாருக்கும் தெரியுதுங்க. இந்தக் கல்லைத் தூக்கினவங்க பேரு யாருக்கும் தெரியாது. உங்க ஆளுங்க தூக்கின கல்லு இதுல எதுவோ!"

நைனாவின் சுண்ணாம்புக் கைகள் ஞாபகம் வந்தன. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் சூடாக இருந்தது.

"காவல்னா கம்பு புடிச்சிக்கிட்டு நிக்கறது இல்லம்மா" என்றார் சார். "சுத்தறதுதான் காவல். நேத்து பாத்ததையே இன்னைக்கும் பாக்கணும். எது மாறியிருக்குதுன்னு கண்டுபிடிக்கணும்."

அதுவே எனக்குப் பயிற்சி. மற்றதெல்லாம் நடக்க நடக்கத் தானாக வந்தது. காலைச் சுற்றில் முதலில் படிகள். ராத்திரி உருண்டு வந்த கல் எதுவும் கிடக்கிறதா? அடுத்து தேன்கூடுகள். செங்குத்துப் பாறையின் அடியில் மலைத்தேனீ அடை அடையாகத் தொங்கும். கிட்டே போகாமல் தூர நின்று சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும். அந்த ரீங்காரம் உயர்ந்திருந்தால் அந்த வழியை அன்று அடைத்துவிடுவோம். பழைய நெற்களஞ்சியத்துக்குள் நுழையுமுன் வாசலில் நின்று கைதட்டுவோம். வௌவாலும் பாம்பும் நமக்கு வழிவிட நேரம் கொடுக்க வேண்டும் என்பார் சார்.

சாயந்திரச் சுற்றுக்கு வேறு முறை. அது உச்சியில் தொடங்கும். விசில் ஊதிவிட்டு ஒவ்வொரு மண்டபமாகப் பார்த்துக்கொண்டு இறங்க வேண்டும். 'வெளியே போங்க' என்று சொல்லக் கூடாது. "சுத்திப் பாத்தாச்சுங்களா?" என்றுதான் கேட்க வேண்டும். மண்டபத்துக்குள் எட்டிப் பார்க்குமுன் குரல் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி: வந்தவர்களுக்கு முன்னால் நாம் இறங்கக் கூடாது. கடைசி ஆள் யாரோ, அவருக்குப் பின்னால்தான் நாம். அவர் நொண்டிக்கொண்டு வந்தாலும், படிக்குப் படி நின்று செல்போனில் படம் எடுத்தாலும், நமக்கு முதுகு காட்டியபடிதான் அவர் இறங்க வேண்டும்.

ஜோடியாக வருகிற பிள்ளைகளை விரட்டுவதில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு ஒரு ஆர்வம் இருந்தது. "சுத்தறதுக்குன்னே வருதுங்க சார், தொரத்திவிடணும்" என்பார்கள். இங்கே சுத்தறது என்றால் காதல். சார் கேட்டார்: "டிக்கெட் எடுத்து வந்தவங்கள தொரத்த நமக்கு இன்னாங்க உரிமை? இருட்டு மூலையில உக்காந்தா வெளிச்சத்துல உக்கார சொல்லுங்க. சுவத்துல பேரு கீறினா மட்டும் எங்கிட்ட கூட்டியாங்க." கீறினவர்களைக் கூட்டிப் போனால் திட்ட மாட்டார். தண்ணீர் கொடுத்து, அந்தச் சுவரை எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று பொறுமையாக விளக்குவார். கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பையன்களுக்கு முகம் சிறுத்துவிடும்.

கதை சுத்துகிறவர்களும் உண்டு. வெளியூர்க்காரர்களை அழைத்து வரும் ஆட்டோக்காரர்கள், இந்தச் சுரங்கம் வேலூர் வரைக்கும் போகுது, அந்தக் குளத்துக்குள் தங்கத்தேர் கிடக்குது என்று அளப்பார்கள். சார் குறுக்கிட்டு யாரையும் அவமானப்படுத்த மாட்டார். ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னார்: "நெஜத்தையே நம்ப முடியாத எடம் இது. இங்க எதுக்கும்மா பொய்யி?"

இத்தனை அர்த்தங்களையும் கேட்டுப் பழகிவிட்டேன் என்று நினைத்திருந்த காலத்தில்தான் முனியம்மா வந்தார்.

அன்று அமாவாசை. சித்திரை வெயில். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வேன்கள் ஒன்றிரண்டு எங்கள் பக்கமும் எட்டிப் பார்ப்பது வழக்கம். அப்படி ஒரு வேனில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்து இறங்கினார்கள். அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு ஊர். எல்லோரும் நடவு, களையெடுப்பு என்று சேர்ந்தே கூலி வேலைக்குப் போகிற செட்டு. நெற்றியெல்லாம் மஞ்சளும் குங்குமமும். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த செல்வி என்ற பெண்தான் டிக்கெட் எடுத்தாள். மற்றவர்கள் வேப்பமர நிழலில் கும்பலாக நின்றார்கள்.

அதில் ஒருவர் மட்டும் தனியாக என்னிடம் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, நரைத்த தலை, சேற்றில் வெடித்த பாதங்கள். உடம்பு மட்டும் முறுக்கின கயிறு மாதிரி இருந்தது.

"ஏம்மா, அந்த உச்சி வரைக்கும் ஏறலாமா? சுத்திப் பாக்க வுடுவாங்களா?"

"டிக்கெட் எடுத்தா யாரா இருந்தாலும் வுடுவாங்க."

"எங்களையுமா?"

"உங்களையும்தான்."

அவர் வாசற்படிக்கு முன்னால் நின்று, காலைத் தரையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். அவர்தான் முனியம்மா. கோட்டையில் எத்தனையோ பெரிய மனிதர்கள் நுழைந்து நான் பார்த்திருக்கிறேன். இப்படி நுழைந்தவரைப் பார்த்ததில்லை.

பிற்பகலில் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழைக்கு முன்னால் ஒரு காற்று கிளம்பும். அது கிளம்பிவிட்டது. சாயந்திரச் சுற்றுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் சார் விசில் கொடுக்கச் சொல்லிவிட்டார். ஜனங்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள். அந்தப் பெண்களும் இரண்டு பேர், மூன்று பேராகப் பிரிந்து வந்து சேர்ந்தார்கள். வேனில் ஏறும்போதுதான் செல்வி கத்தினாள்.

"முனியம்மாக்கா எங்கடி?"

"உன்கூட வர்றான்னு நெனச்சேன்."

"என்கூட எங்க வந்தா? நீங்க போங்க, பின்னால வரேன்னு மேலயே நின்னுட்டா."

செல்வி அழத் தொடங்கிவிட்டாள். "அவ வூட்டுக்காரரு வேணாம்னுதான் சொன்னாரு. கோயிலுக்குன்னா போ, ஊர் சுத்தப் போறதுன்னா இந்தப் பக்கம் வராதன்னாரு. நான்தான் இட்டாந்தேன்." வேன்காரர் முனியம்மா வீட்டுக்குத் தகவல் சொல்லப் போனை எடுத்தார்.

நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சாரும் குடையை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தார். அவருக்கு அப்போது முட்டி வலி. மாடிப்படி ஏறவே பல்லைக் கடிப்பார்.

"நீங்க வேணாம் சார்."

"கடைசி ஆளுக்குப் பின்னாலதானம்மா நாம? இன்னைக்குக் கடைசி ஆளு மேல இருக்குது."

ஏறினோம். வழியில் குரங்கு ஒன்று கூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் பாறை இடுக்கில் ஒடுங்கிவிட்டன. இடி ஒரு மலையில் விழுந்தால் அடுத்த மலை அதைத் திருப்பிச் சொல்லும். கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டும்போது நான் நின்று கும்பிட்டேன். சாரும் நின்றார். எனக்காகத்தான் நின்றார் என்று நினைத்தேன். பார்த்தால் அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது. "முனியம்மா! முனியம்மா!" என்று கத்திக்கொண்டே மேலே போனேன். காற்று என் குரலைப் பிடுங்கி எங்கோ வீசியது.

ராஜகிரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உச்சிக்குப் போகுமுன் மலை இரண்டாகப் பிளந்து கிடக்கும். நடுவே பாதாளம். அந்தக் காலத்தில் எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிடுவார்களாம், பிறகு எந்தப் படையும் தாண்ட முடியாது. இப்போது நிலையாக ஒரு பாலம் இருக்கிறது. கைப்பிடியும் இருக்கிறது. ஆனாலும் நடுவில் போய்க் கீழே பார்த்தவர்கள் அந்தக் கைப்பிடியை விட மாட்டார்கள்.

முனியம்மா அந்தப் பாலத்துக்கு அப்பால், உச்சிக் கோட்டையின் வாசற்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன.

நான் ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கை ஜில்லென்று இருந்தது. கொஞ்சம் தண்ணீர் குடிக்க வைத்தேன்.

"இன்னாம்மா ஆச்சு? அடி பட்டுதா?"

"தல சுத்துது தாயி. வரச்சொல்ல ஒண்ணும் தெரியல. திரும்பச்சொல்ல கீழ பாத்துட்டேன். கண்ணத் தொறந்தா மலையே சுத்துது. அவளுங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துது. போங்கடின்னு அனுப்பிச்சிட்டேன்."

கிருஷ்ணகிரி மேல் ஒரு மின்னல் இறங்கியது. மேலேயே மண்டபத்தில் ஒதுங்கலாம் என்று தோன்றும். ஆனால் இடி முதலில் தேடி வருவது அந்த உச்சியைத்தான். பாலத்தைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கிவிட்டால், பாறைக்குள் பதுங்கின மாதிரி ஒரு கோட்டை வாசல் இருக்கிறது. அங்கே போயாக வேண்டும்.

"சார், முந்தானையால கண்ணக் கட்டி நான் புடிச்சி இட்டாந்துடவா?" என்று கத்திக் கேட்டேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சார் தலையாட்டி மறுத்தார். அந்தக் காற்றிலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, வீட்டு வாசலில் நின்று விசாரிக்கிற மாதிரி கேட்டார்:

"ஏம்மா, காலையில கோயில்ல நல்ல தரிசனமா?"

முனியம்மா கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். "ஆமா சார். அடிப் பிரதட்சணம் சுத்தினேன். பொண்ணுக்குக் கொழந்த நிக்கல. அதுக்கு வேண்டுதல்."

ஒரு பாதத்தின் விரலோடு மற்றப் பாதத்தின் குதிகாலை ஒட்டி ஒட்டி வைத்துக் கோயிலைச் சுற்றி வருவதுதான் அடிப் பிரதட்சணம். அமாவாசைக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு அப்படி ஒரு சுற்று முடிக்கவே ஒரு யுகம் ஆகும்.

"அத்தன கூட்டத்துல, அந்த வெயில்ல சுத்தினீங்களே, தல சுத்தலையா?"

"இல்ல சார்."

"ஏன் சுத்தல?"

"வேற எதையும் பாக்கல. அடியத்தான் பாத்தேன்."

சொல்லிவிட்டு அவர் அப்படியே இருந்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, மெல்லக் கண்ணைத் திறந்தார். நிமிரவில்லை. தன் பாதங்களை மட்டும் பார்த்தார். வாசற்காலைப் பிடித்திருந்த கை ஒவ்வொரு விரலாக விடுபட்டது. எழுந்து நின்றார். "தாயி, நீ முன்னால போ. கைய குடுக்காத. நான் சுத்திக்கினு வரேன்" என்றார்.

நான் முன்னால் போய், பாலத்தின் மறுகோடியில் திரும்பி நின்றேன். அவர் கும்பிட்ட கையோடு பாலத்தில் கால் வைத்தார். ஒரு அடி. அதன் விரலைத் தொட்டு அடுத்த அடி. உதடு "அங்காளம்மா, அங்காளம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. முந்தானை பாய்மரம் மாதிரி காற்றில் விரிந்து அடித்தது. அதைக் கூட அவர் அடக்கவில்லை. பெரிய பெரிய சொட்டாக மழை விழ ஆரம்பித்தது. சார் குடையைக் கீழே போட்டுவிட்டுப் பாலத்துக்குள் வந்து, இரண்டு கையையும் விரித்து நின்றார். ஆனால் தொடவில்லை. முனியம்மா ஒரு அடி வைத்தால் சார் ஒரு அடி பின்வாங்கினார்.

தினமும் பத்துத் தாவலில் நான் தாண்டுகிற பாலம் அது. அன்றைக்கு அதற்கு முடிவே இல்லாத மாதிரி இருந்தது. கீழே பாதாளம், மேலே இடி, நடுவில் ஒரு மனுஷி கோயில் பிராகாரத்தில் நடக்கிற மாதிரி நடந்து வருகிறாள். எந்த ராஜாவும் அந்தப் பாலத்தை இப்படித் தாண்டியிருக்க மாட்டான்.

இந்தப் பக்கம் கால் வைத்ததும் அவர் நின்று, பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மழை கொட்டியது. மூவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வாசலுக்குள் ஒண்டினோம். சிறிது நேரத்தில் உச்சியில் ஒரு இடி விழுந்தது. சத்தம் கல் வழியாக முதுகில் ஏறியது. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

மழை கொஞ்சம் தணிந்த பிறகு முனியம்மாவே பேச ஆரம்பித்தார். கேள்வி எதுவும் கேட்காமல் சார் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ தூரம் தூரமா போயி வேல செஞ்சிருக்கேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார். விடியக்காலம் டெம்போல ஏத்திக்கினு போவாங்க. எந்த ஊரு, எந்தப் பக்கம்னு தெரியாது. எறக்கி விட்டா குனிவேன், ஏறச் சொன்னா ஏறுவேன். இன்னைக்கு மேல நின்னு ஒரு தரம் சுத்திப் பாத்தேன் சார். எல்லாம் இங்கதான் இருக்குது. நான் நட்ட கழனி, மல்லாட்டச் செடி புடுங்கின காடு, கரும்பு வெட்டின எடம், என் பொண்ணக் குடுத்த ஊரு, எல்லாம் ஒரே கண்ணுல அடங்குது. எத்தன ஏரி! எத்தன பச்ச! இத்தன அழகாவா சார் இருந்துது? குனிஞ்சினே இருந்தனா, தெரியல."

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பவும் துடைத்தார். பிறகு அதை மாட்டிக்கொண்டு, கீழே மழைக்குள் மங்கலாகத் தெரிந்த வயல்களைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு என்னை 'சுத்தறவ' என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வந்ததில்லை.

நாங்கள் கீழே வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்தில், வேன் பெண்களுக்கு நடுவே, ஒரு மனிதர் பழைய டி.வி.எஸ். வண்டியைப் பிடித்தபடி சொட்டச் சொட்ட நின்றிருந்தார். முனியம்மாவின் வீட்டுக்காரர். பெயர் ஏகாம்பரம். மழையிலேயே ஊரிலிருந்து ஓட்டி வந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வண்டி சேற்றில் சாய்ந்தது.

"எங்கடி சுத்திட்டு வர்ற? ஊர் சுத்தப் போகாதன்னு சொன்னனா இல்லியா? இடி வுழுவுது, ஆளக் காணோம்னு போன் பண்றான். செத்துகித்துப் பூட்டியோன்னு..." முனியம்மாவின் கையைப் பிடித்து மேலும் கீழும் பார்த்தார்.

முனியம்மா பயப்படவில்லை. அழவும் இல்லை. நிதானமாகச் சொன்னார்:

"நான் எங்கயும் சுத்தலய்யா. ஒரு எடத்துல நின்னேன். நம்ம சீமையே என்னைச் சுத்தி இருந்துது."

ஏகாம்பரத்துக்கு அது உடனே புரிந்த மாதிரி தெரியவில்லை. அவர் முதலில் மனைவியைப் பார்த்தார். பிறகு முனியம்மா கை காட்டிய பக்கம் பார்த்தார். மேகம் விலகிக்கொண்டிருந்தது. கழுவிவிட்ட மாதிரி கறுத்துப் பளபளத்த பாறையில் வெள்ளை வெள்ளையாக மழைத்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, எட்டாத உயரத்தில், மணிக்கூண்டும் மண்டபமும் வெயில் பட்டு நின்றன.

"அங்கயா?" என்றார்.

"ஆமாய்யா."

"அந்த உச்சியிலயா நின்ன?"

"அங்கதான் நின்னேன்."

"நம்ம ஊரு தெரியுதா அங்க இருந்து?"

"ஊரு தெரியுது, ஏரி தெரியுது. நல்லா உத்துப் பாத்தா நம்ம புளியமரம் கூடத் தெரியும் போல."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பிழிந்தார். ஈரத் தலையோடு நின்ற மனைவிக்கு அதைத் தலைப்பாகை மாதிரி சுற்றிக் கட்டிவிட்டார். கட்டிக்கொண்டே அண்ணாந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்களும் பார்த்தார்கள். நானும் ரஹ்மான் சாரும், தினமும் ஏறி இறங்குகிற நாங்களும், அவர்களோடு சேர்ந்து தலையைத் தூக்கி நின்றோம்.